உல்லமா, இறாலா?

என் மாமா உயிரோடு இருந்தவரை, எங்கள் வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் சாப்பாட்டுக்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "உல்லம் பிடிக்குமா, இறால் பிடிக்குமா?" பெரும்பாலும் இறால் என்றுதான் பதில் வரும். "அப்ப நீங்க மோகன் பகான்" என்று சொல்லிவிட்டு மாமா கை கழுவப் போய்விடுவார். வந்தவர் என்னைப் பார்ப்பார். கல்கத்தாவில் இரண்டு ஃபுட்பால் கிளப் இருக்கிறது, மோகன் பகானுக்கு இறால், ஈஸ்ட் பெங்காலுக்கு உல்லம் மீன் என்று நான் சொல்ல ஆரம்பிப்பேன். கீழக்கரையில் உட்கார்ந்துகொண்டு உங்களுக்கு எதற்கு இது என்று அவர் கேட்பதற்குள் சோறு வந்துவிடும்.

அந்தப் பாதியில் நின்ற விளக்கத்தை இங்கே முழுதாகச் சொல்லிவிடப் பார்க்கிறேன்.

எங்கள் கரைக்கும் வங்காளத்துக்கும் உறவு சங்கால் வந்தது. மூச்சை அடக்கி மூழ்கி, அடிமணலில் கிடக்கும் சங்கை எடுத்து வருபவர்கள் கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் தலைமுறை தலைமுறையாக உண்டு. எடுத்த சங்கில் பெரும்பகுதி வங்காளத்துக்குத்தான் போனது. வங்காளி இந்துப் பெண்கள் கல்யாணமானதும் போடும் வெள்ளை வளையலை ஷாங்கா என்பார்கள். அது சங்கை அறுத்துச் செய்வது. டாக்காவில் சங்கு அறுப்பவர்களுக்கென்றே சங்காரி பஜார் என்று ஒரு தெரு உண்டு. அரை நிலா மாதிரி வளைந்த பெரிய வாளை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, சங்கை வளையம் வளையமாக அறுப்பார்கள். அந்த வாளை வைத்து அவர்களிடம் ஒரு சொலவடை உண்டு: சங்கு அறுக்கும் வாள் போகும்போதும் அறுக்கும், வரும்போதும் அறுக்கும். இதை மாமா அடிக்கடி சொல்வார். ஏன் என்று பின்னால் வருகிறேன்.

மாமா 1969-இல் கல்கத்தா போனார். ஊர்க்காரர் ஒருவர் அங்கே வைத்திருந்த சங்குக் கிட்டங்கியில் மூட்டைகளைப் பிரித்து ரகம் பார்க்கும் வேலை. கழுவிய பிறகும் சங்கு மூட்டையில் அழுகிய சதையின் வாடை போகாது. முதல் மாதம் முழுக்கச் சோறு இறங்கவில்லை என்பார். கிட்டங்கியில் அவரோடு இரண்டு வங்காளிகள். ஒருவர் கணக்குப் பிள்ளை, இன்று பங்களாதேஷாக இருக்கும் கிழக்கு வங்கத்தின் பரிசாலிலிருந்து வந்தவர். மற்றவர் தராசுக்காரர், வடக்குக் கல்கத்தாவில் பிறந்து வளர்ந்தவர். அங்கே இரண்டு சொல் உண்டு. மேற்கு வங்கத்து மண்ணிலேயே வேர்விட்டவர்கள் 'கொட்டி'. பத்மா நதிப் பக்கம், கிழக்கிலிருந்து வந்தவர்கள் 'பாங்கால்'. தராசுக்காரர் கொட்டி, அதனால் இறால், மோகன் பகான். கணக்குப் பிள்ளை பாங்கால், அதனால் உல்லம், ஈஸ்ட் பெங்கால். வருஷத்தில் முந்நூறு நாள் ஒரே பாத்திரத்தில் டீ குடிப்பார்கள். மேட்ச் வாரத்தில் மட்டும் சங்கு எண்ணிக்கையைக்கூட என் மாமா வழியாகத்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்களாம்.

"நீ யார் பக்கம்?" என்று போன முதல் வாரத்திலேயே கேட்டுவிட்டார்கள். மாமா யோசிக்காமல் முகமதன் ஸ்போர்ட்டிங் என்றார். எங்கள் ஊரில் பெரியவர்களுக்குத் தெரிந்த கல்கத்தா கிளப் அது ஒன்றுதான். 1934-இல் கல்கத்தா லீக்கை ஜெயித்த முதல் இந்திய கிளப் முகமதன். அதோடு நிற்காமல் 1938 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் ஜெயித்தார்கள். அந்தப் பெருமை எங்கள் திண்ணைவரை வந்து சேர்ந்திருந்தது. இரண்டு பேரும் தலையாட்டிவிட்டு, "அது சரி, இந்த ரெண்டுல யார்?" என்று மறுபடி கேட்டார்களாம். அந்த ஊரில் அந்த இரண்டில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது.

மோகன் பகான் மூத்தது. 1889 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. அதன் பெயரை வங்காளம் முழுக்கக் கொண்டுபோனது 1911 ஜூலை 29. ஐ.எஃப்.ஏ. ஷீல்டு என்ற கோப்பையின் இறுதி ஆட்டத்தில் எதிரே ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமெண்ட், வெள்ளைக்காரச் சிப்பாய்களின் அணி. மோகன் பகான் பதினொருவரில் பத்துப் பேருக்குக் காலில் பூட்ஸ் கிடையாது, சுதீர் சட்டர்ஜி ஒருவர் மட்டும் போட்டிருந்தார். முதல் கோல் பட்டாளத்துக்கு. பிறகு கேப்டன் ஷிப்தாஸ் பாதுரி ஒன்று போட்டார், கடைசி நிமிஷங்களில் அபிலாஷ் கோஷ் ஒன்று. 2-1. மைதானத்துக்குள் இடம் கிடைக்காத கூட்டத்துக்காக, கோல் கணக்கை எழுதிக் காற்றாடி பறக்கவிட்டிருக்கிறார்கள். கடற்கரை மணலில் வெறுங்காலோடு பந்து உதைத்து வளர்ந்தவன் நான். நகம் பெயர்ந்த காலோடு பூட்ஸ் காலை முட்டுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் எந்தக் கட்சியில் இருந்தாலும் இந்த மேட்சை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அந்தப் பதினொருவரில் பலர் கிழக்கு வங்கத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். பார்க்க வந்த கூட்டமும் ரயிலிலும் ஸ்டீமரிலும் அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் வந்தது. அன்றைக்கு மோகன் பகான் எல்லோருக்கும் சொந்தம்.

ஒன்பது வருஷம் கழித்துக் கதை மாறுகிறது. 1920 ஜூலை 28, கூச் பிகார் கோப்பையில் மோகன் பகானை எதிர்த்து ஜோராபகான் என்ற கிளப் ஆடியது. ஜோராபகான் தன் ஆட்டக்காரர் சைலேஷ் போஸை அன்று அணியில் சேர்க்கவில்லை. கிளப்பின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி சேர்க்கச் சொல்லிக் கேட்டும் பயனில்லை. இருவரும் கிழக்கு வங்கத்தவர்கள். பாங்கால் என்பதால்தான் ஒதுக்கினார்கள் என்ற கோபத்தில் சௌத்ரி வெளியேறினார். சில நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஆகஸ்ட் 1-ஆம் தேதியே புது கிளப்பைத் தொடங்கிவிட்டார். அதுதான் ஈஸ்ட் பெங்கால். லீக்கில் இரண்டு அணிகளும் முதல் தடவை மோதியது 1925 மே 28. நேபாள் சக்கரவர்த்தி போட்ட ஒரே கோலில் புது கிளப் ஜெயித்தது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அகதிகளாக வந்தவர்கள் தொடங்கிய கிளப் ஈஸ்ட் பெங்கால் என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. பிரிவினைக்கு 27 வருஷம் முன்பே கிளப் இருக்கிறது. அதைப் பிறக்க வைத்த சண்டைகூட மோகன் பகானோடு இல்லை, ஜோராபகானோடு. அதே மாதிரி மோகன் பகான் மேற்கத்தியர்களின் கிளப் என்று கோடு போட்டுவிடவும் முடியாது. சீனப் பெருஞ்சுவர் என்று பெயர் வாங்கிய அதன் தடுப்பாட்டக்காரர் கோஷ்டோ பால், கிழக்கே ஃபரித்பூர் பக்கத்துக்காரர். ஆயுள் முழுக்க மோகன் பகானை விட்டு நகராத சுனி கோஸ்வாமி, 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்திய அணியின் கேப்டன், பிறந்தது கிழக்கு வங்கத்தின் கிஷோர்கஞ்சில். ஜெர்ஸிக்குள் இருந்தவர்கள் எந்தக் கரையிலிருந்தும் வந்தார்கள். அந்த ஜெர்ஸிக்கு இன்னொரு அர்த்தத்தைக் கொடுத்தது 1947-க்குப் பிறகு கேலரிக்கு வந்த ஜனங்கள்.

பிரிவினையில் லட்சக்கணக்கானோர் எல்லை தாண்டி வந்தார்கள். சியால்டா ஸ்டேஷன் பிளாட்பாரத்திலேயே மாதக்கணக்கில் கிடந்தார்கள். நகரத்தின் தெற்கே காலி நிலங்களில் ஓலையும் தகரமும் வைத்துக் காலனி போட்டார்கள். விட்டு வந்த ஊரின் பெயரைச் சத்தம்போட்டுச் சொல்ல அந்த நகரத்தில் அவர்களுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. சிவப்பும் பொன்மஞ்சளுமாக ஒரு கிளப் ஏற்கெனவே அந்தப் பெயரோடு நின்றுகொண்டிருந்தது. பரிசால் கணக்குப் பிள்ளை பன்னிரண்டு வயதில் வந்தவர். கல்கத்தாவில் ஊர்ப் பேச்சு பேசினால் சிரிப்பார்கள் என்று டிராமில் வாயே திறக்க மாட்டாராம். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்த மறுநாள் மட்டும், கண்டக்டரிடம் டிக்கெட் கேட்பதுகூடப் பரிசால் பேச்சில்தான். இதைச் சொல்லும்போது மாமா எழுந்து நின்று, கையை உயர்த்தி நடித்தே காட்டுவார். அவர் அந்தக் கட்சியில் சேர்ந்ததும் அந்த டிராமில்தான் என்று நினைக்கிறேன். சங்கு அறுக்கும் வாளைப் பற்றிய சொலவடையை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததும் கணக்குப் பிள்ளைதான். அங்கே இருந்தாலும் அறுத்தது, இங்கே வந்தாலும் அறுத்தது என்பாராம்.

பிரிவினை முடிந்த சூட்டில் ஈஸ்ட் பெங்காலுக்கு 1949, 1950, 1951 என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஷீல்டு வாங்கித் தந்த முன்வரிசை யார் தெரியுமா? வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. 'பஞ்ச பாண்டவர்' என்று வங்காளிகள் வைத்த பெயர் இன்றும் நிற்கிறது. ஐந்து பேரும் தெற்கிலிருந்து போனவர்கள். ஊரை இழந்துவிட்டு வந்த ஜனங்களுக்கு நெஞ்சை நிமிர்த்தக் காரணம் கொடுத்தவர்கள் அவர்களின் பாஷைகூடப் பேசாதவர்கள். எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான். அப்புறம் பீட்டர் தங்கராஜ். 1962 தங்க அணியின் கோலி, கல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் கோல் காத்தவர். அந்தப் பெயரைச் சொன்னால் மாமாவின் குரல் கொஞ்சம் உயரும்.

மாமா கல்கத்தாவில் இருந்த காலம் ஈஸ்ட் பெங்காலின் பொற்காலம். 1970 முதல் 1975 வரை ஆறு வருஷம் தொடர்ந்து லீக் அவர்களுக்குத்தான். அதன் உச்சம் 1975 செப்டம்பர் 30, ஷீல்டு இறுதி ஆட்டம். அது நோன்பு மாதம். சஹர் சாப்பாட்டோடு கிளம்பி, நாக்கு வறண்டு நின்றபடி பார்த்ததாக மாமா சொல்வார். சுரஜித் சென்குப்தா தொடங்கிவைத்தார். ஷியாம் தாபா இரண்டு போட்டார். மொத்தம் ஐந்து கோல், எதிர்ப்பக்கம் ஒன்றுமில்லை. 5-0. நோன்பு திறக்க நேரமானதுகூடத் தெரியவில்லை, பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பாங்கால் கிழவர்தான் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தார் என்பார். ஆனால் அந்த நாளை அவர் சந்தோஷமாக மட்டும் சொல்லி நான் கேட்டதில்லை. தோல்வி தாங்காமல் மோகன் பகான் ரசிகர் ஒருவர், ஒரு இளைஞர், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கிட்டங்கியில் அடுத்த நாள் தராசுக்காரர் வரவில்லை. இனிப்பு வாங்கி வைத்திருந்த கணக்குப் பிள்ளை பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லையாம்.

1977-இல் பெலே வந்தார். நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு ஈடன் கார்டனில் மோகன் பகான் ஆடி 2-2 என்று முடித்தது. மோகன் பகான் மேட்ச் என்பதற்காக மாமா போகவில்லை. கடைசிவரை அதை நினைத்து வருந்தினார்.

1980 ஆகஸ்ட் 16. அந்த வருஷம் பெருநாள் அந்த வாரத்தில் வந்தது. லீவு போட்டு ஊருக்கு வந்திருந்தார். அன்று ஈடன் கார்டனில் இரண்டு அணிக்கும் லீக் மேட்ச். ஆட்டத்தில் இரண்டு பேர் முட்டிக்கொள்ள, ரெஃப்ரி இருவரையும் வெளியே அனுப்பினார். கேலரியில் இரண்டு கட்சி ரசிகர்களும் கலந்து உட்கார்ந்திருந்த இடத்தில் அடிதடி தொடங்கியது. கல் பறந்தது. தப்பிக்க ஓடிய கூட்டம் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தது. 16 பேர் போய்விட்டார்கள். பேப்பரில் செய்தி வந்தபோது எனக்கு ஏழு வயது. மாமா திண்ணையில் அந்தப் பக்கத்தை மடித்து மடித்துக் கையகலமாக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. உம்மா கூப்பிட்டும் சாப்பிட வரவில்லை. கல்கத்தாவில் இன்றும் ஆகஸ்ட் 16-ஐ ஃபுட்பால் ரசிகர்கள் நாள் என்று வைத்து ரத்தம் கொடுக்கிறார்கள். இரண்டு கிளப் ஆட்களும் கொடுக்கிறார்கள்.

மாமா 1986-இல் ஊரோடு வந்துவிட்டார். சாக்கு வியாபாரம், கொஞ்சம் கருவாடு. 1997 ஜூலை 13 மேட்சை அவர் தவறவிட்டது பெரிய குறை. சால்ட் லேக் ஸ்டேடியத்தில் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி, பார்க்க வந்தவர்கள் 1,31,781 பேர். மோகன் பகான் கோச் அமல் தத்தாவின் 'டைமண்ட்' ஆட்டமுறையைப் பற்றித்தான் ஊரே பேசிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் கோச் பி.கே. பானர்ஜி. பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட்டார், ஈஸ்ட் பெங்கால் 4-1. எங்களுக்கு மறுநாள் பேப்பரில் நாலு வரிதான் கிடைத்தது.

இனி என் ஊர்க்கதை ஒன்று. 2003 என்று நினைக்கிறேன். எங்கள் பக்கத்தில் செவன்ஸ் டோர்னமெண்ட். சுற்றுவட்டாரத் தெரு அணிகளோடு, இலங்கையிலிருந்து வந்தவர்கள் தங்கியிருந்த முகாமிலிருந்தும் ஓர் அணி வந்தது. எல்லாம் பதினெட்டுக்குள் இருக்கும் பையன்கள். ஜெர்ஸி ஒரே நிறம்கூட இல்லை. மாமா கோட்டுக்கு ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பந்து எடுக்க வந்த ஒரு பையனிடம், "எந்த ஊர் தம்பி?" என்றார். "மன்னார்" என்றான். "எப்ப வந்தே?" "நான் இங்கதான் பொறந்தன் ஐயா." பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான்.

மாமா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "மருமகனே, இவன் பரிசால்டா" என்றார்.

தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் முப்பது கிலோமீட்டருக்குள்தான். 1964 டிசம்பர் புயலுக்கு முன்பு தனுஷ்கோடிவரை ரயிலில் போய், கப்பல் ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிடலாம். எங்கள் ஊரில் கொழும்புக்குக் கடை வைக்கப் போகாத குடும்பம் குறைவு. இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஒரு ஊரைப் பார்க்காமலே தன் ஊர் என்று சொல்கிற பிள்ளையை அதுவரை நான் யோசித்ததில்லை. கணக்குப் பிள்ளையின் டிராம் கதை அன்றைக்குத்தான் எனக்கு உள்ளே இறங்கியது. அரையிறுதியில் முகாம் பையன்கள் எங்கள் தெருவிடம் 2-1 என்று தோற்றார்கள். கடைசி ஐந்து நிமிஷம் மாமா எங்கள் தெருவுக்கு எதிராகக் கத்தினார். பக்கத்திலிருந்தவர்கள் முறைத்தார்கள். இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்று பையன்கள் அவசரமாகப் பஸ் ஏறினார்கள். மாமா பஸ் நிறுத்தம்வரை போய் எல்லோருக்கும் நன்னாரி சர்பத் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அதன்பிறகு ஃபோனில் பார்க்கிற காலம் வந்தது. 2009-இல் சிடி என்ற நைஜீரியக்காரர் நாலு கோல் போட்டு மோகன் பகான் 5-3 என்று ஜெயித்த செய்தியை நான்தான் பயந்து பயந்து மாமாவிடம் சொன்னேன். 2020-இல் இரண்டு கிளப்பும் இந்தியன் சூப்பர் லீக் என்ற பணக்கார லீக்குக்குள் போயின. முதல் மேட்ச் நவம்பர் 27, கொரோனா காரணமாகக் கோவாவில், ஆளில்லாத ஸ்டேடியத்தில். மோகன் பகான் 2-0. என் ஃபோனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்த மாமா, "சத்தமே இல்லையே" என்றார். இடைவேளையோடு கொடுத்துவிட்டார். தோற்றது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. மோகன் பகான் பெயருக்கு முன்னால் ஏ.டி.கே. என்று வேறொரு கிளப்பின் எழுத்துகளை ஒட்டியிருந்ததுதான் உறுத்தியது. "எதிராளி பேரு முழுசா இருக்கணும்" என்றார். மோகன் பகான் ரசிகர்களே தெருவில் இறங்கிப் போராடி, 2023-இல் அந்த எழுத்துகள் போயின. வேறொரு ஒட்டு வந்தது, அது வேறு விஷயம். அதைப் பார்க்க மாமா இல்லை. 2021-இல் மவுத்தாகிவிட்டார்.

2023 செப்டம்பர் 3, டுராண்டு கோப்பை இறுதி ஆட்டத்துக்கு நான் கல்கத்தா போனேன். அவருக்காகப் போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். மோகன் பகானில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறி, பத்துப் பேராக ஆடியும் பெட்ராடோஸ் போட்ட ஒரு கோலில் அவர்கள் ஜெயித்துவிட்டார்கள். என்னைச் சுற்றி இருந்தவர்கள் அழுதார்கள், எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அன்று நான் அதிகம் பார்த்தது கைகளைத்தான். எங்கள் வரிசையில் ஒரு அம்மா, சிவப்பு மஞ்சள் சேலை, கையைத் தூக்கித் தூக்கித் திட்டிக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் வெள்ளைச் சங்கு வளையல். வெளியே வரும்போது பச்சையும் மெரூனுமாகக் கொண்டாடிக்கொண்டு வந்த பெண்கள் கையிலும் அதே வளையல். இப்போது சங்கு பல இடங்களிலிருந்து வருகிறது, இலங்கையிலிருந்தும் வருகிறது. எது எங்கள் கடலில் எடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மாமா இருந்திருந்தால் கையைப் பிடித்துப் பார்த்துச் சொல்லியிருப்பார். இரண்டு பக்கமும் நம் சரக்குதான் என்று அவர் எனக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறார்.

இன்னொரு தேதியையும் எழுதிவிடுகிறேன், 2024 ஆகஸ்ட் 18. அன்றும் டுராண்டு கோப்பையில் இரண்டு அணிக்கும் மேட்ச் இருந்தது. கல்கத்தாவில் ஒரு அரசு மருத்துவமனையில் இளம் டாக்டர் ஒருவர் கொடூரமாகக் கொல்லப்பட்டு ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரம். பாதுகாப்பைக் காரணம் காட்டி மேட்சை ரத்து செய்தார்கள். ரத்தான மேட்சுக்கு ரசிகர்கள் வந்துவிட்டார்கள். சால்ட் லேக் ஸ்டேடியம் வெளியே இரண்டு கிளப் ஆட்களும், முகமதன் ஆட்களும் சேர்ந்து நின்று அந்தப் பெண்ணுக்கு நீதி கேட்டார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. மோகன் பகான் ஜெர்ஸி போட்ட ஒருவர் தோளில் ஈஸ்ட் பெங்கால் ஜெர்ஸி போட்டவர் ஏறி உட்கார்ந்து கத்துகிற படம் அன்று இரவே என் ஃபோனுக்கு வந்தது.

மறுநாள் காலை அதைக் கொண்டுபோய் மாமியிடம் காட்டினேன். மாமி கல்கத்தாவைப் பார்த்ததே இல்லை. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, படத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"இதுல உங்க மாமா கட்சி எது?"

"மேல உக்காந்திருக்கிறவர், மாமி."

"கீழ இருக்கிற புள்ளைக்குத் தோள் வலிக்குமே" என்றார்.